மரவீட்டின் அடிப்பக்கம்

பட்டுக் கடையில் புடவை விரிப்பவர்கள் முதலில் முந்தியைத்தான் காட்டுவார்கள். காந்தி ரோட்டுக் கடையொன்றில் பல ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்த லோகேஸ்வரன், ஏலகிரி மலையில் பலகையால் கட்டிய மரவீடு விற்கும் தரகனான பிறகும் அந்த முறையைக் கைவிடவில்லை. வீடு பார்க்க வருபவர்களை நேரே பால்கனிக்கு அழைத்துப் போவான். கீழே பள்ளத்தாக்கு தெரியும். பனிப்புகை மெல்ல ஏறி வரும். அங்கேயே தேநீரும் வந்துவிடும். தேநீர் குடித்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க அவசரப்படுவதில்லை.

அவன் காட்டிவந்த ஒரு வீட்டின் பின்னால் மலையை வெட்டிய இடத்தில், மண் சரியாமல் இருக்க ஒரு தாங்குசுவர் உண்டு. ஐப்பசி மழையில் அது நடுவில் புடைத்து, ஆள் கை நுழையும் அளவுக்கு வெடித்தது. கட்டியவர்கள் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்து, வண்ணம் பூசி, மேலே கொடியைப் படரவிட்டார்கள். லோகேஸ்வரன் அதைக் கண்ணால் பார்த்தவன்.

அவனும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். செவிலிமேட்டில் அவன் வாங்கிய முதல் மனை புறம்போக்கு என்று பின்னால் தெரிந்தது. விற்றவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று யாரிடமும் போய் நிற்காமல் தானே படித்துத் தெரிந்துகொண்டான். பேருந்துச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடமாட்டான். அவன் கோப்பில் ஒரு தாள்கூடப் பொய்யில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையும்கூட. சுவரின் வெடிப்பு எந்தத் தாளிலும் வருவதில்லை.

முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டியவரை அவன் தூக்கம் கெடவில்லை. பார்ப்பதும் பார்க்காததும் அவர்கள் பாடு என்று இருந்தான். தை மாதத்தில் மயில்வாகனமும் அவர் மனைவி மங்கையர்க்கரசியும் அவன் காரில் ஏறினார்கள். பிள்ளையார்பாளையத்தில் அவன் அப்பாவின் தறிக்கு அடுத்த தறி மயில்வாகனத்தினுடையது; அவர் அவனுக்கு உறவில் மாமா. பங்குனி பிறந்தால் மங்கையர்க்கரசிக்கு மூச்சு வாங்கும். வெயில் காலத்துக்கு மலையில் ஒரு வீடு இருக்கட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து மகன் தினேஷ் சொல்லியிருந்தான். லோகேஸ்வரன் மூலமாகத்தான் வாங்க வேண்டும் என்பது மயில்வாகனத்தின் முடிவு.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியார் நெய்த புடவையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். இழை அறுந்ததும் முடிச்சு விழுந்ததும் அங்கேதான் தெரியும். சொந்தக்காரர் நெய்ததைப் புரட்டமாட்டார்கள். புரட்டினால் நெய்தவரை நம்பவில்லை என்று பொருள். குறை இருந்தால், புரட்டிப் பாருங்கள் என்று நெய்தவரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பால்கனியில் தேநீர் முடிந்ததும், பின்பக்கமும் போய்ப் பார்க்கலாமா என்று லோகேஸ்வரன் பாதிக் குரலில் கேட்டான்.

"நீ கூட்டியாந்த ஊட்ட நான் ஏன்பா சுத்திப் பாக்கணும்? நாளைக்கு நாலு பேரு கேட்டா உனக்குத்தான் அசிங்கம்" என்றார் மயில்வாகனம்.

லோகேஸ்வரனுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே அவனுக்குக் கூசியது. பத்திரக் கோப்பை எடுத்து, ஒவ்வொரு தாளாக, வழக்கத்தைவிட நிதானமாக விளக்கினான்.

அதற்குள் மங்கையர்க்கரசி உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டார். சாமி படத்துக்கு மூலை கிடைத்துவிட்டது. கட்டில் எங்கே என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. தாங்குசுவரை ஒட்டிய பின்னறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"முன்னாடி ரொம்பக் குளிருதுபா. நாங்க இங்கியே படுத்துக்கறோம். மழ சத்தம் கேட்டுக்கினே தூங்கலாம்."

லோகேஸ்வரன் எழுந்து போனான். அந்த அறையின் ஜன்னல் வழியே கொடி தெரிந்தது. கொடிக்குப் பின்னால் சுவர். மங்கையர்க்கரசி தலைமாடு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்வாகனமும் வந்து நிலைப்படியில் நின்றார்.

"மாமா, புரட்டிப் பாருங்க" என்றான் லோகேஸ்வரன்.

இருவருக்கும் உடனே விளங்கிவிட்டது. மங்கையர்க்கரசி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மயில்வாகனம் பின்பக்கம் போகவில்லை; ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார்.

"எப்பத்துலேந்து தெரியும்?"

"ஐப்பசி மழையிலேந்து, மாமா."

"தெரிஞ்சிதான் கூட்டியாந்தியா?"



"அதான் சொல்லிட்டானே, விடுங்க" என்றார் மங்கையர்க்கரசி.

"டீ குடிக்க வச்சிட்டு சொன்னான்" என்றார் மயில்வாகனம்.

வரும்போது முன்னிருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், திரும்பும்போது பின்னால் மனைவியின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சமதரைக்கு வந்ததும் மயில்வாகனம் கையை நீட்டி அந்தக் கோப்பைக் கேட்டார். வீடு வேண்டாம் என்று ஆன பிறகு கோப்பு எதற்கு என்று லோகேஸ்வரன் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தார். எழுத்தைப் படிக்கவில்லை. தாளைப் புரட்டி, ஒன்றும் எழுதாத அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த தாள். லோகேஸ்வரன் வண்டியின் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எல்லாம் அசல் தாள்கள் மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் நெருங்கி, ஓச்சேரி தாண்டும்வரை தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.