எலுமிச்சம்பழமும் பெட்ரோல் நாற்றமும்

எழுபதுகளின் கடைசியில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றும் பெட்ரோல் ஜீப் ஓட்டினேன். மலையில் எவனும் என்னை முந்தக் கூடாது என்ற திமிரில் பெரிய கார்புரேட்டரும், அதற்குப் பெட்ரோலைத் தள்ளும் கரண்ட் பம்பும் மாட்டினேன். பம்பின் அழுத்தத்தை அளக்கும் கேஜ் ஒர்க்‌ஷாப் சுவரில் சும்மாதான் தொங்கியது. நான் பெட்ரோல் டியூப்பை விரலால் அமுக்கிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது வளைவில், தேவாரத்திலிருந்து ஏலப்பழம் பறிக்க வந்த பேச்சியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணே, நாத்தம் கொடலப் புடுங்குது. நிப்பாட்டுங்க."

மலையேறினால் யாராவது வாந்தியெடுப்பார்கள். அதற்காகவே டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்போம். ஒன்றை நீட்டினேன்.

"இத மோந்துக்கிட்டுப் பேசாம வா, ஆத்தா."

பக்கத்தில் அவள் புருஷன் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தான். பேச்சியம்மா அதைப் பிடுங்கி வெளியே வீசினாள்.

"தலைச்சுத்தல் இல்லண்ணே, இது பெட்ரோலு!"

எரிச்சலோடு நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, கொதிக்கும் இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் பதினோரு பேர்.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கேஜை மாட்டிப் பார்த்தேன். மூன்று பவுண்டு அழுத்தம் போதும் என்கிற கார்புரேட்டருக்குப் பம்பு ஏழு பவுண்டு தள்ளியிருந்தது. ரெகுலேட்டர் வைத்துக் குறைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த அரைமணி நேரத்துக்குச் சோம்பல்பட்டவன், சரியாகச் சொன்னவளின் மூக்கில் பழத்தைத் திணித்தான். இன்றும் வீட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கினால் எனக்குப் பெட்ரோல்தான் நாறுகிறது. குமட்டுவது பழத்தால் அல்ல, என்னால்தான்.