ஆணியில் தொங்கிய பச்சைக் கோப்பை

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் வெர்னா நோவிக்கி இருபத்திரண்டு வருஷமாகப் பரிமாறிய உணவகத்தில், தினமும் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை உண்டு. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகத் தொங்கும். வந்தவர் கோப்பை இறங்கும். வராதவர் கோப்பை ஆணியிலேயே இருக்கும். எட்டரை மணிக்கு வெர்னா அந்தச் சுவரை ஒரு பார்வை பார்ப்பாள். தனியாக வாழும் கிழடுகளில் யாருடைய கோப்பையாவது தொங்கினால் உடனே போன் போடுவாள். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை.

2009இல் கார் உதிரிபாக ஆலை மூடியதும் ராத்திரி வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி லாம்ப்ரோஸ், பரிமாறும் பெண்கள் மூவரில் இருவரை வீட்டுக்கு அனுப்பினார். காலைக் கூட்டம் மட்டும் குறையவில்லை. வேலை போனவனும் விடிந்தால் எழுந்து எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? மூன்று பேர் ஓடிய ஓட்டத்தை ஐம்பத்தாறு வயதில் வெர்னா ஒருத்தியே ஓடினாள். லாம்ப்ரோஸ் கெட்டவர் இல்லை. அடுப்படியில் அவரும் ஒண்டியாகத்தான் வெந்துகொண்டிருந்தார். ஆனால் ஆளைக் குறைத்தால் முதலில் போவது கவனிப்பு. அது எந்த முதலாளிக்கும் உறைப்பதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டியது; உள்ளே உட்கார இடமில்லை.

"வெர்னா, என் முட்டை என்ன, குஞ்சு பொரிச்சிடுச்சா?"

"பொரிச்சா உன் பேரையே வைக்கிறேன், டுவைட். பேசாம உட்காரு."

எட்டரைக்கு அவள் கண் சுவரில் பட்டது. ஆர்வில் ஹாஸ்கின்ஸின் பச்சைக் கோப்பை தொங்கிக்கொண்டிருந்தது. எண்பத்தொரு வயது, தனிக்கட்டை, ஏழு மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறவர். இந்த மேஜையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். முடிப்பதற்குள் வாசலில் ஆறு பேர் நின்றார்கள். பதினொன்றரைக்கு மறுபடி பார்த்தாள். பனிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் போனை எடுத்தபோது மணி இரண்டு. அது அடித்துக்கொண்டே இருந்தது.

மேலங்கிகூட மாட்டாமல் இரண்டு தெரு தாண்டி அவர் வீட்டுக்கு ஓடினாள். சமையலறைத் தரையில் இடுப்பெலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். பின்கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் பனி.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு வந்தது. மூச்சு வாங்கியது.

"ஆறரைக்கே விழுந்துட்டேன். போன் கிட்ட நகர முடியல. எட்டரைக்கு நீ அடிப்ப, எடுக்கலைன்னா ஓடி வந்துடுவேன்னு தெரியும். அதான் கத்தாம, தெம்பைச் சேத்து வச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

வெர்னா தரையைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியோ, கண்ணு?"

"ஆமா, ஆர்வில்."

"பாவம், ஒத்தை ஆளா என்னதான் பண்ணுவே" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இறந்துபோனார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு வெர்னா காபிக் கூஜாவை வைத்துவிட்டுச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். பச்சைக் கோப்பையைத் தவிர இன்னும் இரண்டு தொங்கின. போனை எடுத்தாள்.

"வெர்னா! ஏழாம் மேஜைச் சாப்பாடு ஆறிப்போகுது!" என்று அடுப்படியிலிருந்து கத்தினார் லாம்ப்ரோஸ்.

"ஆறட்டும்" என்றாள் வெர்னா.

எதிர்முனையில் ஆள் எடுத்துப் பேசும்வரை அவள் நகரவில்லை. பிறகு இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.