கப்பல் திரும்பியதைக் கண்ட பத்திநாதர் அண்ணை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மிக்கோலா. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் வசிக்கும் உக்ரேனியர், எழுபதுகளின் கடைசியில் கனடா வந்தவர். அவருடைய ஆங்கிலம் எப்போதும் கரடுமுரடானது. அன்று அதுவும் உடைந்து வந்தது. "ஸ்பார்க்ஸ் போய்விட்டான். விடியற்காலையில். நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்றார். கப்பலில் வானொலித் தந்தி அடிப்பவரை மாலுமிகள் அப்படித்தான் அழைப்பார்களாம். எங்களுக்கு அவர் பத்திநாதர் அண்ணை.

எங்கள் வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தைத் தவறாமல் வாசித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் பெயரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். போட வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். இலங்கையின் வடக்குத் தீவுப்பகுதியில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி, பல நாட்டுக் கொடிகளின் கீழ் வானொலி அறையில் வேலை பார்த்தவர். கடைசியில் அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, பின்னேரங்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். காலையில் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில் இருந்த எங்கள் இரண்டறை அலுவலகத்துக்கு வருவார். சிற்றலை வானொலியில் மொஸ்கோவும் லண்டனும் வாஷிங்டனும் சொன்னவற்றை ஒப்பிட்டு உலகச் செய்தி எழுதுவார். "மூண்டு பேரும் ஒண்டைச் சொன்னால் அது நடந்திருக்கு. மூண்டு பேரும் ஒண்டைச் சொல்லாமல் விட்டால் அது கட்டாயம் நடந்திருக்கு" என்பது அவர் வாக்கு.

அவரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் அது 1990 ஓகஸ்டில்தான் தொடங்கும். ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் புகுந்து இரண்டு கிழமை இருக்கும். காலையில் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். மன்னாரைச் சேர்ந்த செல்வராணி. அதே கட்டடத்தில் ஆறாம் மாடி. அவருடைய தங்கை அமலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். தொலைபேசி வேலை செய்யவில்லை, கடிதம் இல்லை, எந்த அலுவலகத்தைக் கேட்டாலும் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"பேப்பரில போடுங்கோ அண்ணை. அவளின்ர படம் கொண்டுவந்திருக்கிறன்" என்றார் செல்வராணி.

"எங்கட பேப்பர் குவைத்துக்குப் போறேல்லைப் பிள்ளை" என்றார் பத்திநாதர் அண்ணை. அவர் முகம் மாறிப்போனது. பேனையை மூடினார். "தங்கச்சி, வெளிக்கிடும். பார்க்டேலுக்குப் போவம்" என்றார் என்னைப் பார்த்து.

ஏன் என்று கேட்டதற்கு, தெருவில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ரயிலில் போகும்போதெல்லாம் அங்கே ஒரு வீட்டுப் பல்கனியில் நீளமான கம்பி கட்டியிருப்பதைக் கண்டதாகச் சொன்னார். "உது உடுப்புக் காயப்போடுற கம்பியில்லை. உவன் எங்கையோ தூரத்தில ஆரோடையோ கதைக்கிறான்."

மூன்று பேருமாக அந்தப் பல்கனி இருந்த கட்டடத்தின் நாலாம் மாடிக் கதவைத் தட்டினோம். சங்கிலி போட்டபடியே கதவு ஒரு சாண் திறந்தது. நரைத்த மீசையும் இரண்டு பயந்த கண்களும் தெரிந்தன. வானொலி பற்றி விசாரிக்க வந்தவர்கள் என்றதும் கதவு மூடத் தொடங்கியது. வானொலி வைத்திருப்பவனை யாராவது தேடி வந்தால் நல்லது நடக்காத நாட்டில் வளர்ந்த மனிதர் அவர் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பத்திநாதர் அண்ணை வாதாடவில்லை. உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தார். பாட்டு அல்ல. நீளமும் குட்டையுமாக, விட்டு விட்டு. மோர்ஸ் தந்தி மொழியில் அதற்கு 'யாராவது கேட்கிறீர்களா?' என்று பொருள். உலகத்தின் எல்லாக் கப்பல்களும் எல்லா வானொலி அறைகளும் அறிந்த அழைப்பு.

கதவு அசையாமல் நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சீட்டி பதில் சொன்னது. சங்கிலி கழன்றது.

அந்த மீசைக்காரர்தான் மிக்கோலா. அவரிடம் உரிமம் பெற்ற வானொலி நிலையம் இருந்தது. சமையலறை மேசையில் பாதியை அது பிடித்திருந்தது. பொழுதுபோக்காக வானொலி வைத்திருப்பவர்கள் உலகெங்கும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், ஆபத்துக் காலத்தில் செய்தி கடத்துவார்கள். குவைத்தில் வேலை செய்த எங்கள் நாட்டவர்கள் பலர் ஈராக் வழியாக யோர்தான் எல்லைக்குத் தப்பி வந்து பாலைவனக் கூடாரங்களில் கிடக்கிறார்கள் என்று அண்ணை கேட்டிருந்தார். ஆகவே யோர்தானில் ஒரு குரலைப் பிடிக்க வேண்டும். எங்கள் காலை அங்கே பின்னேரம். ஒவ்வொரு காலையும் அந்தச் சமையலறையில் கூடினோம். மிக்கோலா கூப்பிடுவார், அண்ணை காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரைச்சலுக்குள் தேடுவார். செல்வராணி வேலைக்குப் போகும் உடுப்போடு சுவரோரம் நிற்பார்.

ஐந்தாம் நாள் யோர்தானின் அம்மான் நகரத்திலிருந்து ஒரு பல் வைத்தியர் கிடைத்தார். தன் காரில் தண்ணீர்ப் போத்தல்களோடு எல்லைக்குப் போய்வருகிறவர். பெயரைச் சொன்னோம். நாலு நாள் கழித்து வானொலியில் திரும்பி வந்தார். அமலா என்ற பெயரில் இலங்கைப் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்களாம். கடவுச்சீட்டு எவரிடமும் இல்லை, எசமானர்கள் வைத்துக்கொண்டுவிட்டார்கள். எவள் உங்கள் அமலா என்று கேட்டார்.

"அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லும் பிள்ளை. கெதியா! குரல் மங்குது!" என்று அண்ணை கத்தினார்.

செல்வராணி திணறிப்போய், "சின்னனில என்னைக் கடிச்சது எதெண்டு கேக்கச் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் வானம் இரைச்சலைத் தவிர ஒன்றும் தரவில்லை. செல்வராணி இருந்த இடத்திலேயே செபம் சொன்னார். மிக்கோலா தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை பல் வைத்தியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எழும்பியது. மூன்று பேரிடமும் கேட்டாராம். ஒருத்தி நாய் என்றாள், ஒருத்தி விழித்தாள். மூன்றாமவள் சிரித்துச் சிரித்து அழுதாளாம்.

"அவள் 'டக்' என்கிறாள். தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். டெல்டா, யூனிபோர்ம், சார்லி, கிலோ. டக்."

"தாரா!" என்று அலறினார் செல்வராணி. வாத்தை எங்கள் ஊரில் தாரா என்போம். "ஓம் அண்ணை, தாரா! மாமி வீட்டுத் தாரா! அவள்தான்! அவள்தான்!"

பத்திநாதர் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, "டக், டக், டக் உறுதி!" என்று மூன்று கண்டங்களுக்கும் கேட்கும்படி முழங்கினார். மிக்கோலா செல்வராணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையை இடித்தார். அமலா அந்த ஒக்டோபரில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த மகிழ்ச்சி எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கி, பக்தாத் வானத்தில் பச்சை வெளிச்சங்கள் பறப்பதைத் தொலைக்காட்சி காட்டியபோது, 'வாணவேடிக்கையாய் ஒரு யுத்தம்' என்று தலைப்பு எழுதினேன். அண்ணை அதை வாசித்துவிட்டுக் கடதாசியை என் மேசையில் திரும்ப வைத்தார்.

"தங்கச்சி, நீர் பாக்கிறது வெளிச்சம் கிளம்புற இடம். அது விழுற இடத்தில ஆக்கள் நிக்கினம். எங்களுக்குக் குண்டு விழேக்க ஆராவது இப்பிடி எழுதினவையே?"

நான் அழுதுவிட்டு வேறு தலைப்பு எழுதினேன்.

பிறகு 1991 ஓகஸ்ட். மொஸ்கோவில் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு என்ற செய்தி வந்த திங்கட்கிழமை காலையே அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு பார்க்டேலுக்கு ஓடினார். மிக்கோலாவின் தமக்கை கியேவில் இருந்தார். "பழைய காலம் திரும்புகிறது. இனி நான் அவளைக் காணமாட்டேன்" என்று மிக்கோலா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணை காதுக் கருவியைக் கழற்றவேயில்லை. மொஸ்கோவின் அதிகாரபூர்வ வானொலி இசையும் அறிவிப்புமாக நேரத்தை ஓட்டியது. அவரோ அங்கிருந்த பொழுதுபோக்கு வானொலிக்காரர்களைத் தேடிப் பிடித்தார். "உவங்கள் இண்டைக்கும் பயமில்லாமல் கதைக்கிறாங்கள். கேளும் மிக்கோலா! ஒருத்தரும் வாயை மூடேல்லை. உந்தக் கவிழ்ப்பு நிண்டு பிடிக்காது!" என்றார் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். புதன்கிழமை போர்த் தாங்கிகள் மொஸ்கோவை விட்டுத் திரும்பின. மிக்கோலா பல்கனியில் நின்று, கீழே போன ஸ்ட்ரீட்காரைப் பார்த்துக் கைதட்டினார். அதில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

அன்றுதான் மேசையில் மூன்று கிண்ணங்களை வைத்துவிட்டு மிக்கோலா தன் கதையைச் சொன்னார். 1962இல் அவர் பத்தொன்பது வயதுச் சோவியத் படைவீரன். எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஒரு சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு அடைத்தார்கள். பகலில் மேல்தட்டுக்கு வர அனுமதியில்லை. "கப்பலின் இடப்பக்க இரும்பு வெயிலில் சுடும். நாங்கள் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கிப் படுப்போம். ஒரு நாள் திடீரென்று வலப்பக்கம் சுட ஆரம்பித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு விளங்கியது. வீட்டுக்குப் போகிறோம்."

பத்திநாதர் அண்ணை கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் அதை வெளியில நிண்டு கண்டனான்" என்றார்.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கண்டு அமெரிக்கா கடலை மறித்த அந்தக் கிழமையில், அண்ணை பனாமாக் கொடி பறந்த ஒரு சர்க்கரைக் கப்பலில் இருந்தார். இரண்டு வல்லரசுகளும் அணுகுண்டுகளோடு முறைத்துக்கொண்டு நின்றன. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அவர்களை விளக்குச் சைகையால் விசாரித்துப் போகவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் வீட்டுக்குக் கடைசிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது தூரத்தில், புகைபோக்கியில் சிவப்புப் பட்டை போட்ட ஒரு சோவியத் கப்பல். மேல்தட்டில் நீளமாக எதையோ துணியால் மூடியிருந்தது. மேற்கு நோக்கி வந்த அது மெதுவாக நின்றது. பிறகு பெரிய வட்டம் போட்டுக் கிழக்கே திரும்பியது.

"உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரியும், சண்டை வராதெண்டு. கப்ரின் செய்தி அனுப்பக் கூடாதெண்டிட்டார். நான் என்ன செய்தனான் தெரியுமே? ஓடினன்! இயந்திர அறைக்கு ஓடினன், குசினிக்கு ஓடினன், படுத்திருந்தவங்களை உலுக்கி எழுப்பினன். 'திரும்பிட்டுது! திரும்பிட்டுது!' தமிழில கத்தினன், இங்கிலிசில கத்தினன். கிரேக்கக் குசினிக்காரனுக்கு ரெண்டும் விளங்கேல்லை, ஆனால் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான்."

இரண்டும் ஒரே கப்பல்தானா? இரண்டு கிழவர்களும் ஒரு வரைபடத்தை விரித்துவைத்துப் பல மாதங்கள் சண்டை போட்டார்கள். முடிவு தெரியவில்லை. இறுதி நோயில் அண்ணை படுத்திருந்த மருத்துவமனைக்கு மிக்கோலா நாள்தோறும் அந்த வரைபடத்தோடுதான் போனார்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் நடந்த இறுதிச் சடங்குக்குச் செல்வராணி குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் வாசகர்கள் பலரும் வந்திருந்தீர்கள். பலர் என்னிடம், இத்தனை போர்களைக் காதால் கேட்ட மனிதர் எப்படி இவ்வளவு உற்சாகமாக இருந்தார் என்று கேட்டீர்கள்.

அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஓட்டத்தை. கெட்ட செய்தியைச் சரிபார்க்க அவர் மூன்று வானொலிகளைக் கேட்பார். நல்ல செய்தி கிடைத்தால் செருப்பைத் தேடவும் நிற்கமாட்டார். எங்கள் பத்திரிகை வெள்ளிக்கிழமைதான் வருகிறது. ஆனால் எங்கள் வாசகர் ஒருவருடைய அகதி வழக்கு வென்றதென்றோ, காணாமல் போன மகன் கிடைத்தானென்றோ அலுவலகத்துக்குச் செய்தி வந்தால், நான் வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பதில்லை. போன கிழமை மின்தூக்கி பழுதாகி நின்றது. மகன் கிடைத்த செய்தியோடு ஒன்பது மாடி ஏறிப் போய் ஒரு தாயின் கதவைத் தட்டினேன். மூச்சு வாங்கியதில் முதலில் எனக்குச் சொல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் அழத் தொடங்கிவிட்டார், சந்தோசத்தில்.