ரத்தம் நின்ற நாள்

மூணாறுப் பக்கம் சித்திரபுரம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த அஜய்க்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய். படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினாலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முட்டி வீங்கிவிடும். ஊசி போட மலை இறங்க வேண்டும். அக்கா சித்ராதான் அவனைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றுவாள்.

விலங்கியல் படித்து முடித்ததும் சித்ராவுக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எலிகளைப் பராமரிக்கும் வேலை. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த யோகப்பிரியா, நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரர், முதல் நாளே ஒரு கூண்டைக் காட்டினார்.

"ரத்தத்த உறைய வெக்கிற மரபணுவ இதுகளுக்கு மாத்தியிருக்கோமுங்க. காயம் பட்டா நிக்காது. புது மருந்த இதுகளுக்குக் குடுத்துத்தான் பாக்கோணும்."

சித்ரா குனிந்து பார்த்தாள். கூண்டுக்குள் அவள் கண்டது தம்பியைத்தான்.

அன்றிலிருந்து அந்த எலிகள் அவள் பொறுப்பு. படுக்கைக்கான மரத்தூளில் சிராய் இருக்கிறதா என்று விரலால் துழாவிய பிறகே பரப்புவாள். ஒன்றையொன்று கடிக்கும் ஆண் எலிகளைத் தனித்தனியே வைப்பாள்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா அழகுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயில்லாச் சீவன நோயோட பொறக்க வைக்கிறது பாவமில்லையா புள்ள?"

"பாவந்தாம்மா. அதான் ஒண்ணுகூட வீணாச் சாகாமப் பாத்துக்கிடுதேன்."

சோதனை நாள் வந்தது. எலிகளுக்கு மயக்கம் கொடுத்து வால் நுனியில் சிறு வெட்டு வைத்தார்கள். மருந்து தராத எலிக்கு ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. மருந்து ஏற்றிய எலிக்குச் சொட்டு சிறுத்தது, பிறகு நின்றது. யோகப்பிரியா பஞ்சால் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"நின்னுருச்சுங்க சித்ரா."

சித்ரா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள்.

ஓர் எலிக்கு நின்றது ஊருக்கெல்லாம் மருந்தாகிவிடாது. இன்னும் பல சோதனைகள், பிறகு தாமாக முன்வந்த நோயாளிகளிடம் சோதனை என்று ஆண்டுகள் ஓடின. ஒருவழியாக மருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. அஜய் அதைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினான். முட்டி வீக்கம் அடங்கியது. மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டப் போனான்.

அவனுக்குச் சொத்தைக் கடைவாய்ப்பல் ஒன்று இருந்தது. ரத்தம் நிற்காதென்று பயந்து எந்த டாக்டரும் பிடுங்காமல் விட்ட பல். ரத்தநோய் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு பல் டாக்டர் அதைப் பிடுங்கினார். சித்ரா பக்கத்திலேயே நின்றாள். கடித்திருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தார் டாக்டர். புது ரத்தம் இல்லை.

"அக்கா, நின்னுட்டு," என்றான் அஜய், மரத்த வாயால் குழறிக்கொண்டே.

பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வீங்கிய கன்னத்தோடு லயத்தில் வீடு வீடாகப் போய் அதைக் காட்டினான். பின்னாலேயே போன சித்ரா, கேட்டவர்களுக்கெல்லாம் எலிகளின் கதையைச் சொன்னாள்.