தனேஸ்வரி தராத முகவரி

தனேஸ்வரி மூன்று முறை வேண்டாம் என்றாள். நான்தான் விடவில்லை.

என் பெயர் மாலா. சுங்கை ஆயர் தாவார் என்ற சிற்றூரில் ஒரு மருந்துக் கடையின் கல்லாவில் நிற்கிறேன். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி. மருந்து விற்பதைவிட எங்களுக்கு முக்கியமான வேலை, வருகிறவர்களிடம் மின்னஞ்சல் முகவரி வாங்குவது. ஒரு நாளைக்கு ஐந்து. குறைந்தால் மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டு மானத்தை வாங்குவார். வேண்டாம் என்கிறவர்களை மடக்குவதில் நான் கெட்டிக்காரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தனேஸ்வரி சந்தைக்குப் பின்னால் காளியம்மா அக்காவின் தேங்காய்ப்பால் கடையில் வேலை செய்தாள். முப்பத்து நான்கு வயது. மகள் விஷாலினிக்கு இழுப்பு. அதற்கு இன்ஹேலர் வாங்க மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் வாசலைப் பார்த்தபடியே நிற்பாள், பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன்.

"இமெயில் குடு தங்கச்சி, மெம்பர் விலை போட்டுத் தரேன்."

"வேணாம் லா, அக்கா."

அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாம் மாதம் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"வேணாங்கா."

"சும்மா விளம்பரம்தான் வரும். படிக்காம அழிச்சிடு. இதுக்கு ஏன் இப்படிப் பயப்படுற?"

வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். அவள் முகம் சுண்டிப்போனது.

"பழசு ஒண்ணு இருக்கு. நான் தொறக்கறதே இல்ல. உங்க குப்பையெல்லாம் அதுக்கே போகட்டும்."

சிரித்துக்கொண்டே தட்டினேன். அன்றைக்கு அது ஐந்தாவது.

அந்த முகவரியின் கதையைக் காளியம்மா அக்கா பிற்பாடுதான் சொன்னார். தனேஸ்வரி ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள், லோரி ஓட்டும் புவனேசனைக் கட்டினாள். அவளுக்குக் கைப்பேசி வாங்கித் தந்தது அவன். அரசாங்க உதவிக்கு மனுப் போட மின்னஞ்சல் திறந்து தந்ததும் அவன். கடவுச்சொல் அவனுடையது, அவளுக்கு வரும் அஞ்சலெல்லாம் அவன் கைப்பேசியிலும் வந்து விழுந்தது. யாரோடு பேசினாய், எங்கே நின்றாய் என்று தினமும் விசாரணை. பதில் பிடிக்காவிட்டால் அடி. ஒரு நாள் கை எலும்பு முறிந்தது. அதைப் பார்த்த பிள்ளை மூச்சுத் திணறி விழுந்தது.

மறு வாரம் அவன் லோரியோடு ஜொகூர் போன சமயத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். கைப்பேசியை மாற்றினாள், எண்ணை மாற்றினாள், பெற்றவர்களுக்குக்கூட இடத்தைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஒளிந்து வாழ்ந்தாள். தான் திறக்காத மின்னஞ்சல் பெட்டியை வேறு யாரும் திறக்கமாட்டார்கள் என்று மட்டும் நம்பிவிட்டாள்.

எங்கள் கம்பெனி அவளுக்கு அன்றே எழுதியது. பெயர் சொல்லி வணக்கம், சுங்கை ஆயர் தாவார் கிளைக்கு நல்வரவு. அப்புறம் வாரம் இரண்டு விளம்பரம், ஒவ்வொன்றிலும் கிளையின் விலாசம்.

மூன்றாவது வாரம் மதியத்தில் ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, பணிவான பேச்சு. கைப்பேசியில் எங்கள் விளம்பரத்தைக் காட்டினான்.

"அக்கா, என் வொய்ஃப் தனேஸ்வரி இங்கதானே மருந்து வாங்கறாங்க? பிள்ளைக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மருந்து பேரு மறந்துட்டேன்."

அவள் பெயரிலேயே கடிதம் இருக்கும்போது எனக்கு என்ன சந்தேகம் வரும்? இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"தங்கச்சி இப்ப கடையிலதான் இருக்கும் தம்பி. மார்க்கெட் பின்னால, சந்தான், தேங்காப்பால் விக்கிற கடை. ஸ்கூல் விட்டா பிள்ளையும் அங்கதான் வரும்."

அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் காளியம்மா அக்கா அழுதுகொண்டே கடைக்கு வந்தார். பள்ளி வேனிலிருந்து இறங்கிய பிள்ளையை அவன் முதலில் காரில் ஏற்றியிருக்கிறான். அப்புறம்தான் தனேஸ்வரியைக் கூப்பிட்டிருக்கிறான்.

"அவளாவே ஏறிட்டா மாலா. கத்தக்கூட இல்ல. பிள்ள உள்ள உக்காந்திருக்கு, அவ என்னதான் செய்வா?"

இருவரும் போலீசுக்குப் போனோம். அவள் இருக்கும் இடத்தை அவனுக்குச் சொன்னது நான்தான் என்று நானே சொன்னேன். அவள் கைப்பேசி அணைந்திருந்தது. புவனேசன் ஈஜோக்கில் குடியிருந்த வீட்டைக் காலி செய்து ஒரு வருடமாகிவிட்டது என்று விசாரித்ததில் தெரிந்தது.

அவளைத் தொடர்புகொள்ள வேறு ஏதாவது உண்டா என்று போலீஸ்காரர் கேட்டார். என் கணினியில் அவள் பிறந்த தேதி இருக்கிறது, பிள்ளையின் மருந்து இருக்கிறது, மின்னஞ்சல் முகவரி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்கு எத்தனை முறை மன்னிப்புக் கேட்டு எழுதினாலும் புவனேசன்தான் படிப்பான்.