எங்கள் பக்கம் எல்லாம் பச்சை

ஆற்றின் இடது கரையில் செல்போன் சேவை நடத்தும் நிறுவனத்துக்கு அவளுடைய அப்பா தொழில்நுட்பத் தலைவர். வலது கரை நிறுவனத்துக்கு அவளுடைய மாமனார். ஒரே தொழிலில் இருந்த இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் பெண் கொடுக்க, மற்றவர் பெண் எடுக்க, சம்பந்திகள் ஆனார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே கவலைதான். மற்றவர் முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் தலை குனிந்துவிடக் கூடாது.

அவளுக்கு வேலை பழுது கண்டுபிடிப்பது. இடது கரையில் தொடங்கிய பேச்சு வலது கரை வரை அறுபடாமல் போகவேண்டும் என்று இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டபோது, பொதுவாக ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டுப் பெண், வெளியே வாய் திறக்கமாட்டாள் என்று இருவரும் கணக்குப் போட்டு அவளைப் பிடித்துப் போட்டார்கள். அலுவலகத்தில் அவளுக்கு ‘நோண்டி’ என்று பட்டப்பெயர். நோண்டாமலே சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போயிருந்ததால், அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமே இல்லை.

பாலத்தின் நடுவில் பேச்சு அறுந்துகொண்டே இருந்தது. பேருந்தில் போகிறவர்கள் “ஹலோ, ஹலோ” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து கூட்டம் போட்டன. சம்பந்திகள் ஆளுக்கொரு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். பழுதில்லாத கோபுரம் திரையில் பச்சையாகத் தெரியும்.

“எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்குங்க, சம்பந்தி. உங்க பக்கம் ஒரு தடவை பார்த்துட்டா தேவலை.”

“பார்த்தாச்சுங்க, சம்பந்தி. இங்கயும் பச்சைதான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு ரெண்டு தடவையா பார்த்துட்டேன்.”

ஒரு மணி நேரம் இப்படிக் குழைந்த பிறகு பழி போட ஆள் அகப்பட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் கோபுரம் ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளி. ‘ஏணி’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கடைசியாக ஆன்டெனா மாட்டியவர் அவர்தான், கோணலாக மாட்டிவிட்டார் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று முடிவாயிற்று. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக்கூட இந்தப் பெரிய மனிதர்களுக்குத் தோன்றவில்லை.

அவள் சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோபுரமும் தன் அடையாள எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். போன் அந்த எண்ணை வைத்துத்தான் எந்தக் கோபுரத்திடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளும். நடுப்பாலத்தில் இடது கோபுரம் ‘நான் 47’ என்றது. வலது கோபுரமும் ‘நான் 47’ என்றது. போன் எதை நம்பும்? தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குறையில்லை, அதனால்தான் திரையில் பச்சை. பக்கத்துக் கோபுரத்துக்கு என்ன எண் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சம்பந்தியிடம் கேட்பதா? கௌரவம் என்ன ஆவது?

சபையில் போட்டு உடைக்க மனம் வராமல், இருவருக்கும் தனித்தனியே போன் செய்து சொன்னாள். அங்கேதான் அவள் தவறு செய்தாள்.

“எங்க பக்கம் இருக்காதும்மா,” என்றார் அப்பா. மாமனாரும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். போனை வைத்த கையோடு இருவரும் கமுக்கமாகத் தங்கள் கோபுரத்தின் எண்ணை மாற்றினார்கள். பொதுப் பட்டியலில் அடுத்துக் காலியாக இருந்த எண் 51. இருவரும் அதையே எடுத்தார்கள். மறுநாளும் பாலத்தில் பேச்சு அறுந்தது.

மறுபடியும் பேருந்தில் ஏறி, கருவியில் இரண்டு 51-ஐப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கேட்டாள். “எண்ணை மாத்தினது யாரு?”

“எந்த எண்?” என்றார் அப்பா.

“மாத்தினாங்களா என்ன?” என்றார் மாமனார்.

அந்தந்தத் தலைவரின் கடவுச்சொல் இல்லாமல் எண்ணை மாற்றவே முடியாது. இது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இருவருக்கும் வாய் கூசவில்லை. அவளே ஒரு கோபுரத்துக்கு 58 என்று கொடுக்கச் சொன்னாள். பாலம் சரியாயிற்று. ஏணியை நிறுத்தவேண்டாம், ஆனால் அறிக்கையில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். குழையாமலே அவர்கள் ஒத்துப்போய் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒருவர் பெற்றவர், இன்னொருவர் வீட்டில் தினமும் முகத்தில் விழிக்கவேண்டியவர். மென்று விழுங்கிவிட்டு அப்படியே எழுதினாள்.

ஏணி கீழே வாசலில் நின்றிருந்தார். வேலை போகவில்லை என்று அவரிடம் சொன்னாள்.

“காரணம் என்னன்னு போட்டிருக்கீங்க, மேடம்?”

“தெரியலைன்னு.”

“தெரியலைன்னா நான்னுதான் எல்லாரும் நினைச்சுக்குவாங்க. இதுக்கு அப்புறம் எவன் என்னைக் கோபுரத்துல ஏத்துவான்? உங்களுக்குமா தெரியலை?”

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்த இரண்டு பேரையும் மனதுக்குள் கேவலமாகப் பேசியவள், அவர்கள் செய்ததையே எழுத்தில் செய்துவிட்டு வந்திருந்தாள். மாடி ஏறிப்போய் அறிக்கையைத் திருப்பி எழுதினாள். எந்த எண், எப்போது மாறியது, மாற்றிய இருவரின் பெயர், ஏணியின் வேலையில் பழுதில்லை என்பது, எல்லாவற்றையும் எழுதி இரண்டு நிறுவனங்களின் மேலிடத்துக்கும் அனுப்பினாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா போனில் வந்தார். “உன் மாமனார் பேரை எழுதினது நியாயம்தாம்மா. என் பேரை எதுக்கு எழுதின?”

போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“உங்க அப்பா பேரை எழுதினது நியாயம்தாம்மா...” என்று ஆரம்பித்தார்.

இந்த இரண்டு பேருடைய மானத்துக்காகவா ஒரு மனிதனின் பிழைப்பைப் பலி கொடுக்கப் பார்த்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“மீதியை அப்பா சொல்லிட்டார், மாமா,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.