வசந்தா அக்காவின் கல்யாணப் பலகாரம்

செய்தி வந்தபோது கம்பெனி பஸ் மேடவாக்கம் சிக்னலில் நின்றிருந்தது. டீம் குரூப்பில் ஒரே வரி. வசந்தா அக்கா இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம். பஸ்ஸில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நாவலூரில் அவருடன் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். இரங்கல் எழுத எனக்கு வரவில்லை. அவர் ஜெயித்ததை நான் பார்த்திருக்கிறேன். சேலையூரில், அவருடைய சமையலறையில்.

மகள் நித்யா டென்மார்க்கில் படிக்கப் போனாள். அங்கேயே ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. லேப்டாப்பில் பார்த்தார். அவருடைய நாத்தனார் அதைக் கல்யாணமாகவே ஏற்கவில்லை. "பந்தி இல்ல, பலகாரம் இல்ல. இதுக்குப் பேரு கல்யாணமா?"

போன டிசம்பரில் நித்யாவும் மருமகனும், அவன் அம்மா இங்கரும் வருவதாக முடிவானது. அக்கா எங்களிடம் அறிவித்தார்.

"அவங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கு உருண்டையா ஒண்ணு சுடுவாங்க. ஏபிள்ஸ்கீவர்னு பேரு. சம்பந்திக்கு அதை என் கையால போடப்போறேன். எம் பொண்ணு கல்யாணப் பலகாரம் அதான்."

மைதா, மோர், முட்டை, ஏலக்காய். பணியாரக் கல் வீட்டிலேயே இருந்தது. அவ்வளவுதானே என்று நினைத்தோம்.

தினமும் டிபன் பாக்ஸில் தோல்வி வந்தது. இரண்டு தொப்பிகளை ஒட்டியது போல, இடுப்பு மடிந்து.

"அக்கா, இது பறக்கும் தட்டு. பக்னு பதிவு போடட்டுமா?" என்றான் எங்கள் டீம் கார்த்திக்.

"போடு. நாளைக்கு ஃபிக்ஸ் பண்றேன். இப்ப சாப்பிடு."

பழக்கம்தான் எதிரி. பணியாரம் என்றால் அடி வெந்ததும் ஒரே புரட்டு. அவர் கைக்கு அதுதான் தெரியும். ஒரு காலையில் பஸ் ஏறியதும் சொன்னார்: "வேகட்டும்னு நிக்கக் கூடாதுடா. பச்சையா இருக்கும்போதே லேசா சாய்க்கணும். உள்ள இருக்குற மாவு வழிஞ்சு அடியில ஓடு கட்டிக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்." அன்று பாக்ஸில் பந்துகள்.

சம்பந்தி வந்த அன்று எங்களையும் அழைத்திருந்தார். அடுப்பில் கல்லைப் பார்த்ததும் இங்கர் சிரித்தார். தன் வீட்டிலும் இதே போல இருப்பதாக நித்யா மூலம் சொன்னார். அக்கா கையிலிருந்த திருப்பும் குச்சியை வாங்கித் தானே திருப்பினார். நம் கல்லில் குழி ஆழம் குறைவு. மாவு பிய்ந்தது.

"அவங்களுக்கே வரல. உனக்கு எங்க வரப்போகுது? பேசாம பணியாரம்னு சொல்லிக் குடு" என்றார் நாத்தனார்.

அக்கா குச்சியைத் திரும்ப வாங்கித் தீயைக் குறைத்தார். மாவு ஊற்றினார். சாய்த்தார். காத்திருந்தார். மறுபடி சாய்த்தார். ஏழு குழி, ஏழு உருண்டை. இங்கர் ஒன்றை எடுத்து சமையல் மேடையில் உருட்டிவிட்டார். அது நேராக ஓடி விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. வீடே கத்தியது. இங்கர் அக்காவைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். நித்யா மொழிபெயர்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

சர்க்கரைப் பொடி தூவி, ஜாம் வைத்து, முதல் தட்டை சம்பந்திக்கும் இரண்டாவதை நாத்தனாருக்கும் கொடுத்தார் அக்கா.

"இப்ப சொல்லுங்க அண்ணி. எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா?"

வாய் நிறைய இருந்ததால் நாத்தனாரால் பேச முடியவில்லை. தலையை ஆட்டினார். தட்டை மறுபடி நீட்டினார்.

அக்கா குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முகமெல்லாம் மாவாக, எங்கள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.